பெரியம்மா பிடியரிசியை நிறுத்திய மழைக்காலம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அதற்கப்புறம் பேனா பிடித்ததெல்லாம் டிராஃபிக் போலீஸ்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட மட்டும்தான். ஆனால் மழை விடவில்லை. மூணாறு பார்க்க வருகிற ஒரு ஆளையும் காணோம். ஜீப் தார்ப்பாய்க்கு அடியில் நனைந்த நாய் மாதிரி கிடக்கிறது. "சும்மா இருந்தா உன் வாய் நாலு பேரைக் கடிக்கும், உக்காந்து எதையாவது எழுதுல" என்று உபதேசியார் சொன்னார். அவர் சொல்லி நான் எதையும் செய்ததாக வரலாறு கிடையாது. இதுதான் முதல் தடவை.

உபதேசியார் என்றால் எங்கள் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், தகரக்கூரை போட்ட சின்னக் கோயில். ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், மாதத்துக்கு ஒரு தரம் வந்து திருவிருந்து கொடுத்துவிட்டு இறங்கிவிடுவார். மற்ற நாளெல்லாம் ஜெபம், பிரசங்கம், சண்டை தீர்ப்பது எல்லாமே உபதேசியார்தான். மழை பெய்தால் தகரச் சத்தத்தில் அவர் பிரசங்கம் ஒரு சொல் கேட்காது. நாங்கள் பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டிருப்போம்.

எங்கள் லயத்தில், தோட்டத்துக்காரர்கள் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு டின் இருக்கும். பழைய பிஸ்கட் டின்னோ பால்பவுடர் டின்னோ, ஏதோ ஒன்று. உலை வைக்கும்போது பானைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்த டின்னில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார்கள். அதுதான் பிடியரிசி. மிஷனரி ஊழியத்துக்கு. மாதக்கடைசியில் எல்லா டின்னும் கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் அரிசியை ஏலம் விட்டு, வருவதை அனுப்பிவைப்பார்கள். ஏலம் கூவுகிற வேலை எனக்கு. பிரசங்கத்தைத் தவிர எங்கள் சபையில் சத்தம் போட அனுமதி உள்ள ஒரே இடம் அது. ஏலத்தில் ஆளாளுக்குப் பட்டப்பெயர் வைத்துத்தான் கூப்பிடுவேன். உபதேசியாருக்கும் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதினால் இந்தத் தாளைக் கிழித்துப்போடுவார்.

அந்தப் பணம் முன்பெல்லாம் முகம் தெரியாத மிஷனரிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் என் கூட்டாளிக்குப் போக ஆரம்பித்தது.

ஞாயிற்றுப்பள்ளியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஜெப நேரத்தில் என் சட்டையை பெஞ்சோடு முடிச்சுப் போடுகிறவன் அவன். அவனைத்தான் எங்கள் சபை மிஷனரியாக அனுப்பியது. வடக்கே எங்கேயோ, ரயில் விட்டு பஸ் விட்டு அப்புறம் நடந்து போகிற ஒரு மலையூர். சாயங்காலம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பான், காயத்துக்கு மருந்து போடுவான், கேட்கிறவர்களுக்கு வேதம் சொல்வான். அவனை வழியனுப்பிய அன்றைக்கு ஊரே அழுதது. நான் மட்டும், "ஏல, அங்க போயும் எவன் சட்டையையாவது முடிச்சுப் போட்டிராத" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினான். பஸ் போனபிறகுதான் என் ஜெர்க்கினின் இரண்டு கையும் பின்பக்கம் முடிச்சுப் போட்டிருப்பதைப் பார்த்தேன்.

அவன் அம்மாவை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். கொழுந்து கிள்ளுகிற வேலை. கைக்குழந்தையில் அவனுக்கு மூச்சுத்திணறல் வந்து, ஜீப்பில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கும்போது, பிழைத்தால் ஊழியத்துக்குத் தருகிறேன் என்று பெரியம்மா பொருத்தனை பண்ணிக்கொண்டதாம். ஊருக்கே தெரிந்த கதை. "என்னைய ஒரு வார்த்த கேக்காம என்னையக் குடுத்துட்டாவ" என்று அவன் கேலி பண்ணுவான். ஆனால் போனது அவனாக இஷ்டப்பட்டுத்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த வருஷம் மழை பிடித்ததிலிருந்து எதுவும் சரியில்லை. எதிர்மலையில் மண் இறங்கி ஒரு ஏலக்காட்டையே இழுத்துக்கொண்டு போனது. கலெக்டர் நாளுக்கு நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுக்கொண்டிருந்தார். லயத்துக்குப் பின்னால் ஊற்று இல்லாத இடத்திலெல்லாம் ஊற்று. பவர் ஹவுசுக்கு இறங்குகிற பெரிய குழாய்களின் இரைச்சல் வீட்டுக்குள்ளேயே கேட்டது. அந்தச் சமயத்தில் அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு குடியிருப்பில் காய்ச்சல், சின்னப்பிள்ளைகள் இரண்டு பேர் போய்விட்டார்கள், மருந்து எடுத்துக்கொண்டு போகிறேன், ஜெபம் பண்ணுங்கள் என்று. "ஆத்துல முதலை இருந்தா அதுக்கும் சேத்து ஜெபம் பண்ணுதோம்" என்று பதில் போட்டேன்.

அதற்கு ஒற்றை டிக் விழுந்தது. மறுநாளும் ஒற்றை டிக். அதற்கு மறுநாளும். ஊழியத் தலைமையிடத்துக்கு உபதேசியார் போன் போட்டார். அங்கே பாலம் போய்விட்டது, அக்கரையோடு தொடர்பு இல்லை, ஜெபத்தில் தாங்குங்கள் என்றார்கள். தாங்கினோம். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் அவன் பேரைச் சொல்லும்போது ஒவ்வொருவர் குரலும் இறங்கியது. பேரைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குத் தாவினார்கள்.

மாதக்கடைசியில் டின்களை ஜீப்பில் ஏற்றுவது என் வேலை. பெரியம்மா வீட்டு டின்னைத் தூக்கினேன். உள்ளே ஒரு மணி அரிசி இல்லை.

"என்ன பெரியம்மா, எலி தின்னுட்டா? இல்ல எலிக்கும் ஊழிய வாஞ்சை வந்துட்டா?"

பெரியம்மா சிரிக்கவில்லை. "மறந்துட்டேம்யா" என்றது.

உலை வைக்கும்போது மூச்சு விட மறந்தாலும் மறக்கும், அந்தப் பிடியை மறக்கிற ஆள் இல்லை பெரியம்மா. எங்கள் வீட்டு டின்னிலிருந்து பாதியை அதில் கொட்டிக் கொண்டுபோய் ஏலத்தில் வைத்தேன். யாருக்கும் தெரியாது.

அடுத்த மாதமும் காலி. மறுபடி கொட்டப்போனேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது. தேயிலைக் கறை ஏறிய விரல்கள், இரும்பு மாதிரி.

"எம்பேரைச் சொல்லி நீ போடாத."

அப்போதுதான் ஜன்னலோரம் பார்த்தேன். ஒரு தட்டு, மேலே இன்னொரு தட்டு கவிழ்த்து மூடியிருந்தது. அது கூட்டாளி சாப்பிடுகிற தட்டு. ஓரத்தில் நெளிவு இருக்கும். அந்த நெளிவை உண்டாக்கியது என் தலை. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுகிறவன், அன்றைக்கு டின்னை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வேறொன்றைப் பார்த்துவிட்டது. அது பெண்கள் சங்கத்துத் தலைவி. சபையில் யார் வீட்டில் தும்மினாலும் முதல் ஜெபம் அதனுடையதுதான். காலையில் பெரியம்மா தன் வீட்டுக்குப் பின்னால் கல்மேல் சோறு வைக்கிறது, கொட்டுகிற மழையிலும் காக்கா வந்து கொத்திவிட்டுப் போகிறது. அக்காவுக்கு அது போதும்.

"காக்காய்க்குச் சோறு வைக்காவ. நம்ம வழக்கமா அது? செத்தவங்களுக்குல்லா வைப்பாவ. பெத்தவ மனசுக்குத் தெரிஞ்சிருக்கு. சேதி வந்து மறைக்காவளோ என்னமோ."

சொன்னது ஒரு வீட்டில். சாயங்காலத்துக்குள் எல்லா லயத்திலும் அவன் செத்துப்போயிருந்தான். கோயில் மணி அடிக்கிற கோயில்குட்டித் தாத்தா என்னை வழியில் நிறுத்தி, மெதுவாகக் கேட்டார்.

"ஏம்ப்பா, துக்கமணி அடிக்கணுமா, வேண்டாமா? ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவளே."

"உங்களுக்கு அடிக்கும்போது சேத்து அடிச்சிரலாம் தாத்தா" என்றேன். சொன்னேனே தவிர, ஜீப்புக்குள் வந்து உட்கார்ந்ததும் போனை எடுத்துப் பார்த்தேன். ஒற்றை டிக்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உபதேசியாரும் பெண்கள் சங்கமும் குடை பிடித்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு நடந்தார்கள். எல்லாரும் வெள்ளைச் சேலை. ஆராதனைக்கு எப்போதும் அதுதான் கட்டுவார்கள். ஆனால் அன்றைக்கு அந்த மூடுபனியில், வரிசையாக, பேச்சில்லாமல் போனது துக்க வீட்டுக்குப் போவது மாதிரியே இருந்தது. நானும் பின்னாலேயே போனேன்.

பெரியம்மா கதவைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. "என்ன, கூட்டமா வந்திருக்கிய?"

"சும்மாதான் மதினி. ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போவம்னு" என்றது அக்கா. சொல்லும்போதே முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோய்விட்டது.

பாய் விரித்தார்கள். உபதேசியார் கண்ணை மூடி ஆரம்பித்தார். மெதுவாக, தழுதழுத்து. பிரிவின் துயரத்தில் இருக்கிற இந்தத் தாயை ஆற்றித் தேற்றும் ஆண்டவரே என்கிற இடம் வந்ததும் பெரியம்மா கண்ணைத் திறந்தது.

"நிப்பாட்டுங்கய்யா. என்ன பிரிவு?"

உபதேசியார் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தார்.

"எம்பிள்ள செத்துட்டான்னு எவ சொன்னா?"

"நீங்கதான மதினி காக்காய்க்கு..." அக்கா முழுக்கச் சொல்லவில்லை.

பெரியம்மா எழுந்துபோய் அந்தத் தட்டை எடுத்து வந்து நடுப்பாயில் வைத்தது. மேல்தட்டை எடுத்தது. ஒரு பிடி சோறு, விறைத்துப்போய்.

"டின்னுக்குப் போற பிடிய இங்கயே அவனுக்குப் பொங்கி வைக்கேன். அவன் வரல. அவன் பங்கை நான் திங்க முடியுமா? காலைல காக்கா திங்குது. அவ்வளவுதான்." ஒரு மூச்சு எடுத்தது. "அங்க அரிசி போய்க்கிட்டே இருந்தா அவன் அங்கயேதான் இருப்பான். நின்னாத்தான வீட்டு நெனப்பு வரும்?"

இத்தனை வருஷம் எங்கள் பிடியரிசியை மிஷனரியைத் தாங்குகிற தூண் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அது பிள்ளையைக் கட்டிப்போட்ட கயிறாகப் பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

உபதேசியார் மெல்லச் சொன்னார். "கொடுத்ததைத் திரும்பக் கேக்கக் கூடாதும்மா."

"திரும்பக் கேக்கலய்யா. ஒருவாட்டி கண்ணால பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருதேன்னுதான் கேக்கேன்."

அக்கா அப்படியே பெரியம்மா மடியில் சாய்ந்து அழுதுவிட்டது. வதந்தியைக் கிளப்பியதற்கா, வேறு எதற்கா, தெரியாது. யார் சொல்லியும் பெரியம்மா டின்னைத் தொடவில்லை. நாங்கள் திரும்பும்போது அந்தக் காக்கா பின்பக்கக் கல்மேல் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் லயத்தில் டவர் சரியாகக் கிடைக்காது, வரும் போகும். சித்திரபுரம் போகிற வழியில் ஒரு வளைவில் நன்றாகக் கிடைக்கும். அங்கே ஜீப்பை நிறுத்திவிட்டு அவனுக்குப் பெரிய மெசேஜாக அடித்தேன்.

"ஏல, நீ செத்துட்டேன்னு ஊரெல்லாம் பேச்சு. நானும் உன் கிரிக்கெட் பேட்டுக்கு இப்பவே உரிமை கொண்டாடிட்டேன். உங்கம்மா பிடியரிசியை நிறுத்திட்டாவ, நின்னாத்தான் நீ வருவியாம். உசுரோட இருந்தா ஒரு வார்த்த சொல்லு. வாரியா இல்லையா அதையும் சொல்லு. செத்திருந்தாலும் சொல்லு, மணியடிக்க தாத்தா காத்துக்கிட்டிருக்காரு."

அடித்து முடிப்பதற்குள் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது. தினமும் அந்த வளைவுக்குப் போனேன். சவாரி இல்லாத நாளிலும் டீசலை எரித்துக்கொண்டு போனேன். ஒற்றை டிக். வளைவுக்கு மேலே மண்திட்டில் ஒரு விரிசல் நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டு வந்தது. பஞ்சாயத்து மெம்பர் வந்து அங்கே சிவப்பு ரிப்பன் கட்டினார். ரிப்பனுக்கு இந்தப் பக்கம் நின்று போனைப் பார்த்தேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் பெரியம்மாவும் ஜீப்பில் ஏறிக்கொண்டது. நான் கூப்பிடவில்லை. வேலை விட்டு அப்படியே வந்திருந்தது, தலையில் கட்டிய பிளாஸ்டிக் தாளோடு. மடியில் ஒரு தூக்குப்பாத்திரம். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

வளைவில் நிறுத்தினேன். மழை கொஞ்சம் இளைத்திருந்தது. கீழே எங்கேயோ பாறை உருளும் சத்தம் வந்து அடங்கியது. போனை எடுத்தேன். இரண்டு டிக்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் நீலமாக மாறின.

"என்னய்யா, என்ன?" பெரியம்மா என் தோளைப் பிடித்தது.

"படிச்சிட்டான் பெரியம்மா. இல்ல, யாரோ படிச்சிட்டாங்க." இந்தக் கடைசி வார்த்தையை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து டைப் பண்ணுவதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. பெரியம்மா தூக்குப்பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனையே பார்த்தது. அதற்கு எழுத்துத் தெரியாது. வருவதை நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

"செத்தவன்தாம்ல பேசுதேன், அம்மாவ அரிசி போடச் சொல்லு, இங்க காய்ச்சல் இன்னும் இறங்கல."