மாட்டு உறை

என் இடது சிறுநீரகம் லாபிஸ் ஊரில் இருக்கிறது, தம்பியின் அடிவயிற்றில், வலப்பக்கம். நான் பொந்தியானில். இரண்டு ஊருக்கும் நடுவே நெடுக எண்ணெய்ப்பனை.

அது அவனுக்குள் உயிரோடிருக்க, காலை எட்டு, இரவு எட்டு, மருந்து விழுங்க வேண்டும். விட்டால் அவன் உடம்பே அதை அந்நியன் என்று குதறிவிடும். டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு வேட்டை நாய்களின் சத்தம் கேட்டது.

சிறுநீரகம் கிடைத்த நன்றிக்குத் தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தான். பூசத்துக்கு முதல்நாள் காலை அவன் வீட்டுக்குப் போனேன். வாசலுக்கு வந்தவனின் கால்கள் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது.

"மருந்து?"

"மாத்திரையெல்லாம் போடுறேண்ணே. கேப்சூல் மட்டும்... விரதம் முடியட்டும்."

சாமி மேடையில் விபூதித் தட்டுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின். திறந்தேன். மூன்று வாரத்துக் கேப்சூல்.

"மேல் உறை மாட்டு எலும்புல செய்றதுண்ணே. கிளினிக்ல ஒரு மலாய்க்காரப் பெரியவரு கேட்டாரு, பன்னியான்னு. பயப்படாதீங்க, மாடுதான், ஹலால்னு தாதி சொல்றாங்க. அவருக்கு நிம்மதி. எனக்கு?"

"செத்துப்போவடா!"

"குடுத்தது நீங்க. காப்பாத்துறது முருகன் லா."

அறைந்தேன். போதவில்லை. முஷ்டியால் குத்தினேன். டின் பறந்து கேப்சூல்கள் தரையெங்கும் சிதறின. என் காலடியில் நசுங்கின. அவன் சுவரில் மோதிச் சரிந்தான். குனிந்து குனிந்து அடித்தேன். என் விலாவுக்குக் கீழே தழும்பு நெருப்பாய் இழுத்தது. அடித்தேன். அவன் முகத்தை மறைக்கவில்லை. இரண்டு கைகளாலும் அடிவயிற்றைப் பொத்தியிருந்தான்.

"மூஞ்சில அடிங்க. இங்க மட்டும் வேணாம்ணே."

அப்போதுதான் கை நின்றது. ஒரு பல்லைத் துப்பினான்.

காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். வாயில் என்ன காயம் என்று தாதி கேட்டார்.

"முருகன் அடிச்சிட்டாரு, சிஸ்டர்."

பால்குடம் அவனில்லாமல் போனது. ஊசிமேல் ஊசி. சிறுநீரகம் செத்துப் பிழைத்தது. முழுசாக இல்லை, டாக்டர் சொன்னார், இனி ஒருமுறை தாங்காது.

இப்போது தினமும் இரண்டு எட்டு மணிக்கும் வீடியோவில் அழைக்கிறேன். கேப்சூலை நாக்கில் வைத்துக் காட்டி விழுங்குகிறான்.

"மாடு உள்ள போயிருச்சுண்ணே. போதுமா?"

"வாயத் தொற."

திறக்கிறான். நாக்கைத் தூக்கச் சொல்கிறேன், தூக்குகிறான். கேப்சூல் இல்லை. மேல்வரிசையில், பல் போன இடத்தில், கருப்பாய் ஒரு சந்து. அந்த இடத்தைப் பார்க்காமல், விழுங்கினானா என்று பார்க்க வழியில்லை.