படிகள் இல்லாத தோட்டம்

மொரோக்கோவின் ஃபெஸ் நகருக்குப் போக ஆசைப்பட்டவள் என் மனைவி. கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நூலகத்தில் அந்த நகரத்தைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, பக்கங்களுக்கிடையே கடதாசித் துண்டுகள் செருகி வைத்தாள். "சனம் போகாத இடமாப் பாப்பம்" என்றாள்.

முதல் நாள் நாங்களும் எல்லோரையும் போலத் தோல் பதனிடும் தொட்டிகளைப் பார்க்க மாடிக்கு ஏறினோம். இறங்கும்போது அவளுடைய முழங்கால் வீங்கிவிட்டது. மறுநாள் காலை அவளை விடுதி முற்றத்தில் இருத்திவிட்டு மருந்து வாங்கப் போனேன். வழியில் ஒரு பழைய தோட்டத்தின் வாசல் திறந்திருந்தது. உள்ளே மூங்கில் புதர்கள், ஒரு குளம், மேடுபள்ளமில்லாத நடைபாதை. ஊன்றி நடக்கும் பொல்லுகளை மடியில் வைத்துக்கொண்டு மூன்று கிழவிகள் நீண்ட மர வாங்கில் இருந்தார்கள். வாசல்வரை டாக்சி வந்து போனது. நான் இரண்டு மணித்தியாலம் அங்கே இருந்தேன்.

"எங்கை போனீங்கள் இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"சும்மா சுத்தினன். ஒண்டும் இல்லை. எல்லா இடமும் படி, உமக்கு ஏலாது."

அடுத்த மூன்று நாளும் இதையே சொன்னேன். தெருவைப் பார்த்தபடி மரப் பல்கணிகள் நீட்டி நிற்கும் பழைய யூதர் தெருவைத் தனியே கண்டேன். வெள்ளை பூசிய கல்லறைகள் வரிசையாக இருந்த மயானத்தில், காவலாளியையும் ஒரு பூனையையும் தவிர யாருமில்லை. ஒடுங்கிய ஒரு ஒழுங்கையில் அக்கம்பக்கத்தார் வீட்டில் பிசைந்த மாவைப் பலகையில் வைத்துத் துணியால் மூடிக் கொண்டுவந்து பொது அடுப்பில் கொடுத்தார்கள். எந்த ரொட்டி எந்த வீட்டினுடையது என்று அடுப்புக்காரர் பார்த்தே சொன்னார். என் மனைவி அதை ரசித்திருப்பாள். அவள் கடதாசி செருகிய பக்கங்களில் அந்தத் தோட்டமும் இருந்தது.

அவளுடைய நடைக்கு என் நடையைக் குறைக்க எனக்கு மனமிருக்கவில்லை. வேறு காரணம் தேடிப் பார்த்தேன். இல்லை.

திரும்பி வந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து நகரான மார்க்கத்தில் மகள் வீட்டில், மருமகன் என் கமராவைத் தொலைக்காட்சியில் இணைத்தார். தோட்டம், குளம், கிழவிகள், அடுப்பு எல்லாம் வரிசையாக வந்தன. எனக்கு அருகில் மனைவி இருந்தாள்.

"என்னம்மா, ஒரு படத்திலையும் உங்களைக் காணேல்லை?" என்றாள் மகள்.

"நான்தானே பிள்ளை படம் எடுத்தனான்."

"அப்ப அப்பாவையும் எல்லோ காணேல்லை."

"உந்த மூஞ்சியை வீட்டில பாக்கிறது போதாதே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பும்போது காருக்குள் அவள் முன்னே பார்த்தபடி சொன்னாள்: "அந்தக் கிழவியள் பொல்லோட இருந்தவை. ஒரு படியையும் காணேல்லை."

"ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக இன்னொரு முறை கூட்டிக்கொண்டு போகலாம் என்று எண்ணினேன். வசந்தம் வரட்டும் என்று இரண்டு வசந்தங்களைக் கடத்தினேன். அடுத்த பனிக்காலத்தில் அவள் இறந்துபோனாள்.

மரணச் சடங்கு மண்டபத்துத் திரையில் மகள் அந்தப் படங்களைப் போட்டிருந்தாள், அம்மா எடுத்த படங்கள் என்று. "அன்ரிக்குப் படமெடுக்க நல்ல கண்" என்று வந்தவர்கள் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

குளத்தின் படம் இப்போது மகள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் பெரிதாக மாட்டியிருக்கிறது. போன கிழமை அதன் முன்னால் நின்று கேட்டாள்: "அப்பா, அம்மா எங்கை நிண்டு இதை எடுத்தவ?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம்.

"குளத்துக்கு இஞ்சாலைப் பக்கம், வாங்கில் இருந்துகொண்டு" என்றேன்.

மகள் கிட்டே போய்ப் குளத்தின் இக்கரை தெரியும் படத்தின் கீழ் விளிம்பைக் கையால் தடவினாள்.