அக்சாவின் முட்டைப் பெட்டி

பொன்மலர் மாதிரி ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததே இல்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பதினான்கு வருடமாக அவளும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து தோலுக்கு சொல்யூஷன் தடவுகிறோம். பிரஷ்ஷால் அந்தப் பசையைத் தொட்டு, தோலின் ஓரத்தில் இழுத்து, மடித்து ஒட்ட வேண்டும். என் பெயர் மஹ்பூபி. என் வீட்டுக்காரர் முட்டைக் கடை வைத்திருக்கிறார். அதனால்தான் இந்த விஷயத்தில் நானும் மாட்டிக்கொண்டேன்.

மலருக்கு ஒரே மகள், அக்சா. பத்து வயது. புருஷன் ஞானசீலன் இரண்டு வருடம் முன்பு சண்டை போட்டுக்கொண்டு, பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஆற்காட்டுக்குப் போய்விட்டான். சண்டைக்குக் காரணமா இல்லை? "சோத்துல கூட சொல்யூஷன் நாத்தம்" என்று தட்டைத் தள்ளிவிடுவான். அந்தச் சோறு எந்த வேலையில் வந்ததாம்? 

இந்த வருடம் அவனே போன் செய்தான். அக்சா ஆறாவது போகிறாள், ஈஸ்டர் அன்று ஆம்பூர் சர்ச்சுக்குக் கூட்டி வருகிறேன், 'அம்மாவோடு இருக்கிறேன்' என்று அவள் வாயால் சொன்னால் நீயே வைத்துக்கொள் என்றான். "ஆனா தனியா எதனா குடுத்து பிள்ளைய மயக்காத" என்றும் சொன்னானாம்.

"தனியாத்தானே குடுக்கக் கூடாது? சண்டே ஸ்கூல் பிள்ளைங்க எல்லாருக்கும் ஈஸ்டர் முட்டை மிட்டாய் குடுக்கறேன். அதுல அவளுக்கும் ஒண்ணு" என்றாள் மலர். இவளிடம் யார் பேசி ஜெயிப்பது!

எங்கள் கடையிலிருந்து முட்டை அட்டைகளை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆறு குழி வருகிற மாதிரி வெட்டி, மேலே இன்னொரு துண்டை மூடியாக வைத்தோம். மொத்தம் பன்னிரண்டு பெட்டி. ரோஸ் பெயின்ட் அடித்தாள். வேலூர் லாங் பஜார் வரை போய் சரிகை லேஸ் வாங்கி வந்தாள். மிச்சத் தோல் துண்டுகளில் குட்டிக் குட்டிப் பூக்கள் வெட்டினாள்.

"பெவிகால் வாங்கியாரட்டா?" என்று கேட்டேன்.

"அதுல தோல் நிக்காதுக்கா. அவ கைல பிச்சிக்கினு வந்தா அசிங்கம்."

செருப்பு ஒட்ட வீட்டில் வைத்திருந்த சொல்யூஷன் டப்பாவை எடுத்து வந்தாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிரஷ்ஷைப் பிடித்து நானே தடவினேன்.

முந்திரியை அரைத்து, சர்க்கரைப் பாகில் கிளறி, மார்சிபன் முட்டைகள் உருட்டிக் குழிகளில் வைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் மூடி, கண்ணாடித் தாளில் இறுக்கிச் சுற்றினோம். ஒரு பெட்டியின் மேல் மட்டும் சிவப்புத் தோலில் அக்சாவின் பெயர்.

"வந்துடுவாளாக்கா?"

"இத்த பாத்தா நானே வந்துடுவேன், போ."

சிரித்தாள். சிரித்த வாயோடு அழுதாள். "அவ வரலன்னா நான் செத்துடுவேன்க்கா."

"வாயக் கழுவு" என்று அதட்டினேன்.

மறுநாள் ஆராதனை முடிகிற நேரத்துக்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். வாசலில் நின்று மலர் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்தாள். அக்சாவும் வாங்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள். நெல்வின் என்ற பொடியன்தான் முதலில் பிரித்தான். வாயில் போட்டான், உடனே துப்பினான்.

"ஆன்ட்டி, ஷூ வாசன வருது!"

அடுத்தது ஹெப்சி துப்பினாள். அவள் அம்மா பெட்டியை வாங்கி முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். "இன்னா பொன்மலர், சொல்யூஷன்லயா ஒட்டின? தூரத்துலயே அடிக்குதே!"

யா அல்லாஹ்! நான் ஒரு முட்டையை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. மலரும் முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. எங்கள் இருவர் மூக்கும் எப்போதோ செத்துப்போயிருந்தன. அது எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மலர் கேட்டை நோக்கி ஓடினாள். ஞானசீலன் பைக் பக்கத்தில் நின்றிருந்தான். அக்சா பெட்டியைத் திறந்து, முகத்தை அதற்குள் வைத்திருந்தாள்.

"குடுத்துடு அக்சா! தின்னாத, குடுத்துடு!" என்று பிடுங்கப் போனாள்.

ஞானசீலன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பைக் கண்ணாடியைத் துடைத்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அக்சா பெட்டியை விடவில்லை. ஆறு முட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அம்மா கையில் வைத்தாள். மூடியைச் சாத்தினாள்.

"பொட்டி எனக்கு வேணும்."

"நாறுதுடி கண்ணு. அம்மா வேற செஞ்சி தர்றேன்."

"வேணா. உன் மேல இந்த வாசனதான் வரும். ஆற்காட்ல இது இல்ல."

மலர் அப்படியே மண்ணில் மண்டி போட்டாள். "அப்ப வந்துடு தங்கம். அம்மாகிட்டயே வந்துடு."

அக்சா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா தனியா இருப்பாரும்மா" என்றாள். "அதான் பொட்டிய கேக்கறேன்."

பைக் போய்விட்டது.

எனக்கு எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது. அவன் மேல், அந்தப் பிள்ளை மேல், பிரஷ் பிடித்த என் கை மேல். மலர் எழுந்திருக்கவில்லை. முட்டைகளை மடியில் கொட்டிவிட்டு, உள்ளங்கையை என்னிடம் நீட்டினாள்.

"அது இன்னா வாசனக்கா? எப்டி இருக்கும்? நீயாவது சொல்லேன்."

அந்தக் கையைப் பிடித்து, மூக்கோடு அழுத்தி, மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.