குசினியில் சொன்ன சொல்

வெள்ளிக்கிழமைகளில் மகளின் சிநேகிதி எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவாள். ரொம்சோஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு மாடி கீழே இருக்கிறாள். தாய் தகப்பன் ஆப்பிரிக்காவில் கம்பியாவிலிருந்து வந்தவர்கள். ஆறு வயதிலிருந்து பழக்கம், இப்போது பதினாறு. புட்டைக் கறியோடு குழைத்துச் சாப்பிடுவதில் என் மகளையே வெட்கப்படுத்துவாள்.

அன்று வழக்கம்போலத் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, கனடாவிலுள்ள அக்காவோடு கதைத்தபடி சமைத்துக்கொண்டிருந்தேன். இந்த வெள்ளைக்கார நாட்டில் எங்களுக்கு ஒரு துணிச்சல் உண்டு. பஸ்ஸிலும் கடையிலும் யாரைப் பற்றியும் உரத்துக் கதைப்போம். தமிழ் யாருக்கு விளங்கப்போகிறது?

"ஆர் வீட்டிலை சத்தம் போடுறது?" என்று அக்கா கேட்டாள்.

"மகளின்ரை சிநேகிதி. அந்தக் காப்பிலிப் பெட்டை. நல்ல பிள்ளை, பாவம்."

திரும்பினேன். குசினி வாசலில் தண்ணீர்ப் போத்தலோடு அவள் நின்றாள். போத்தலை நிரப்பிக்கொண்டு போனாள். நான் அவசரமாக ஸ்பீக்கரை நிறுத்தினேன்.

அந்தக் கிழமை முழுவதும் பயம்தான். "போதும்", "உறைப்பு", "இன்னும் போடுங்கோ" எல்லாம் அவளுக்குத் தெரியும். இதுவும் தெரிந்திருக்குமோ? மகளிடம் சொல்லிவிடுவாளோ? சொன்னால் என் பிள்ளை என்னை எந்தக் கண்ணால் பார்ப்பாள்? வாசல் மணி அடித்தால் மகளை முந்திக்கொண்டு போய்த் திறந்தேன். லிஃப்டில் அவளுடைய தாயைச் சந்திக்கப் பயந்து ஏழு மாடியும் படியால் ஏறினேன். இத்தனைக்கும், ரயிலில் ஒருவன் என்னை 'ஸ்வார்ட்டிங்' என்று என் நிறத்தைச் சொல்லி ஏசியபோது மூன்று நாள் வேலைக்குப் போகப் பயந்தவள் நான்.

கைத்தொலைபேசியில் அந்தச் சொல்லைத் தேடினேன். இறைவனை நம்பாதவன் என்ற பொருளில் அரபியில் இருந்த சொல். அது போர்த்துக்கேயரின் வாய்க்குப் போய், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றி இலங்கைக்குக் கொண்டுவந்த மனிதர்களின்மேல் ஒட்டிக்கொண்டதாம். கோட்டைக்குக் கல் சுமக்க வைக்கப்பட்டவர்களின் பெயரை, சாப்பிட மறுக்கும் பிள்ளைகளை நாங்கள் வெருட்ட வைத்துக்கொண்டோம். "காப்பிலி பிடிச்சுக்கொண்டு போவான்" என்று என்னை வெருட்டினார்கள். வெட்கங்கெட்ட நான் அதையே மகளுக்கும் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். சிரித்தாள், இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். அப்பாடா, தப்பினேன் என்று நினைத்தேன்.

அவள் புறப்படும்போது மகள் தன் அறையில் இருந்தாள். வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டியபடியே அவள் கதைத்தாள். தட்டுத் தடுமாறி, ஆனால் எங்கள் தமிழில்.

"அன்ரி, நான் இவளுக்குச் சொல்லேல்லை. பயப்பிடாதேங்கோ."

அவள் நிமிரவில்லை.

"அந்தச் சொல் எனக்குச் சின்னனிலையே தெரியும். இவள் சாப்பிடாட்டி, காப்பிலி வருவான் எண்டு சொல்லுவீங்கள். அது ஆரெண்டு எனக்குத் தெரியாது. நானும் பயந்து கெதியாச் சாப்பிட்டு முடிப்பன்."