ஊமை வானொலியின் செய்தி

நான் பொய் சொன்னேன். செய்தி என்று சொல்லிப் பொய் சொன்னேன். அதை நம்பி ஒரு பெண் படகேறினார். திரும்பி வரவில்லை.

என்னைக் கெட்டவன் என்று நீங்கள் முடிவு கட்டுங்கள்... ஆனால் மிச்சத்தையும் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

போர்க்காலத்துக் கோடை அது. யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில் பள்ளிக்கூட மாஸ்டராகத் தனியாக இருந்தேன். உடன்பிறந்தவர்கள் எல்லோரும் வெளிநாடு போய்விட்டார்கள். மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் மிதியைச் சுற்றி, டைனமோவில் ஒரு வானொலியை ஓட்டினேன். அதன் ஒலிபெருக்கி எப்போதோ பழுது. இயர்போனைச் செருகி நான் மட்டும் கேட்டு அயலாருக்குச் சொல்வேன். அரசாங்கம் என்ன சொல்கிறது, எந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது, கடலைக் குழப்பும் சோளகக் காற்று எப்போது தணியும்... மாலையில் முற்றம் நிறைந்துவிடும். சாப்பிட்டாயா என்று கேட்கவும் ஆளில்லாத எனக்கு அந்த அரைமணி நேரந்தான் வாழ்க்கை!

ஒருநாள் வானொலி செத்துப்போனது. சொல்லியிருக்கலாம்... சொன்னால் மறுநாள் யார் வருவார்கள்? சத்தமே இல்லாத இயர்போனைக் காதில் வைத்து, மிதியைச் சுற்றிச் சுற்றிக் கதை கட்டினேன். முதலில் எங்கோ வெள்ளம், எங்கோ பூகம்பம். யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன்.

பக்கத்து வளவு மணியக்காவின் தாய் கடல்நீரேரிக்கு அக்கரையில் நோயாய்க் கிடந்தார். அக்கா தினமும் ஒன்றையே கேட்பார்.

"மாஸ்டர், கடலிலை நேவிக்காரர் சுடுறதை நிப்பாட்டிட்டாங்களோ?"

மூன்று நாளும், இல்லை என்று சொன்னேன். நான்காம் நாள் அவர் கேட்டுவிட்டு எழும்பப் பார்த்தார். எழும்பினால் மற்றவர்களும் எழும்பிவிடுவார்கள் என்று பயந்தேன்.

"ஓம் அக்கா. பேச்சுவார்த்தையாம். ஒரு கிழமைக்குச் சுடமாட்டினமாம். காத்தும் விழுந்திட்டுதாம்."

அன்று என் முற்றத்தில் சிரிப்புக் கேட்டது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்!

விடிந்ததும் அக்கா பையோடு வாசல் படலையடியில் நின்றார். "போட்டு வாறன் மாஸ்டர்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? திறந்தேன்... "கவனமாய்ப் போங்கோ அக்கா" என்றேன்.

படகைச் சுட்டுவிட்டார்கள் என்று மூன்றாம் நாள் ஆட்கள் வந்து சொன்னார்கள்.

இன்று முற்றத்துக்கு வருவது ஒருவர்தான், மணியக்காவின் கணவர். அவருக்குக் கண் தெரியாது. கைபேசியில் நான் செய்தி வாசிப்பேன். எங்கோ ஒரு போர், எங்கோ வெயிலில் செத்தவர்கள், கொழும்பில் புதிய அரசாங்கம். கேட்டு முடித்து எழும்பும்போது சில நாட்களில் என் தோளைத் தட்டுவார்.

"அண்டைக்கு ரேடியோக்காரன் பொய் சொன்னதுக்கு நீங்கள் என்ன செய்யிறது மாஸ்டர்?"

"ஓம் அண்ணை" என்கிறேன். உண்மையைச் சொல்லிவிட்டால், நாளை இந்தப் படலையைத் திறந்து வர எனக்கு யார் இருக்கிறார்கள்...