பரமசிவனும் ஜப்பானும்

டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாவது டீயை ஊதி ஊதிக் குடித்தபடி பரமசிவன் பேச்சிலேயே ஜப்பானுக்குப் போய்விட்டார்.

"அங்கன ரயிலு ஒரு நிமிசம் லேட்டானா மன்னிப்புக் கேக்காவளாம் அண்ணாச்சி. நம்ம சனம் உருப்படுமா? வேலைன்னா வேப்பங்காயாக் கசக்குது."

அவர் இதைச் சொல்கிற நேரத்துக்குத்தான் தினமும் கோவில்பட்டி மில் வேன் எதிரே வந்து நிற்கும். விடியுமுன் சோறாக்கித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்ட பெண்கள் முண்டியடித்து ஏறுவார்கள். "பாத்தியளா, ஒரு ஆளு காட்டு வேலைக்கு வராது. சோம்பேறிப்பய ஊரு" என்பார், அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே.

எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் அவருக்குக் கரிசல் புஞ்சை இருக்கிறது. அவர் வீட்டு ஆண்கள் சொந்தக் காட்டில் குனிவதில்லை. வரப்பில் நின்று வேலை வாங்குவார்கள். பாட்டன் போட்ட சட்டம். ஊரார் எல்லாரும் மாற வேண்டும் என்பவர், அதை மட்டும் மாற்றியதில்லை.

இந்த மார்கழியில் உளுந்து முற்றி, பிடுங்கத் தயாராக நின்றது. கிழக்கே மேகம் திரண்டது. நனைந்தால் நெற்றுக்குள்ளேயே உளுந்து முளைத்துவிடும், வருஷத்து வெள்ளாமை போய்விடும். வேனில் ஏறப்போன சொர்ணத்தாயை மறித்தார்.

"ஏட்டி, உளுந்து பிடுங்க வாரியா?"

"மில்லுல எங்கள 'வாங்கம்மா'ன்னு கூப்பிடுதாவ மொதலாளி. தலைக்கு மேல ஃபேன் வேற ஓடுது" என்று சொல்லிவிட்டு அவள் ஏறிக்கொண்டாள்.

"திமிரப் பாத்தியளா!" என்றார் பரமசிவன்.

அன்று மதியம் அவர் மனைவி செல்வலட்சுமி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தனியாகவே காட்டில் இறங்கிவிட்டார். "ஜப்பான்காரன் வந்து பிடுங்குவான்னு நிக்கியளா? எறங்குங்க!" என்று அவர் போட்ட சத்தம் அடுத்த புஞ்சையில் நின்ற எனக்குக் கேட்டது. சிரிப்பு வந்தது, அந்த அம்மாளை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

பரமசிவன் சுற்றுமுற்றும் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்தேவிட்டார்! சொன்னால் நம்பமாட்டீர்கள், நன்றாகவே பிடுங்கினார். முதல் தூறல் முதுகில் விழுந்தும் நிமிரவில்லை. மனுஷன் மாறிவிட்டார் என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ரோட்டில் ஏதோ பைக் வரும் சத்தம் கேட்டது.

பரமசிவன் சட்டென்று நிமிர்ந்தார். கையிலிருந்த செடிகளைக் கீழே போட்டார். விறுவிறுவென்று வரப்பில் ஏறி நின்று, கொட்டத் தொடங்கிய மழைக்குள் குனிந்திருந்த மனைவியைப் பார்த்து விரலை நீட்டினார்.

"அந்தா, அந்த ஓரத்த விட்டுட்டே பாரு!"