கொக்கோக் குறுணையோடு புதூருக்கு

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் பஸ் புறப்பட்டது. என் மடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் ஒரு படி கொக்கோக் கொட்டை. இலங்கையில் மாத்தளைப் பக்கம் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் மாமா, ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தது. இதை வறுத்துத் தோலை நீக்கி, உடைத்துக் குறுணையாக்கிக்கொண்டால் சமையலுக்குத் தயார். சாக்லேட்டின் மணம் முழுவதும் அந்தக் குறுணையில்தான் இருக்கிறது. கொட்டைகளை முந்தின நாளே வறுத்துவிட்டேன். தோலை நகத்தால் உரித்து உரித்து, ராத்திரிக்குள் ஒரு கைப்பிடி தேறியது. மீதி அப்படியே டின்னில் கிடந்தது.

விளாத்திகுளத்துக்கு டிக்கெட் எண்பது நயா பைசா. அதைக் கிழித்துக் கொடுத்த கண்டக்டர், "என்ன டீச்சர், இன்னைக்கும் முட்டையா?" என்றார். நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் கோவில்பட்டியில் பெண்கள் பள்ளி ஒன்றில் மனையியல் ஆசிரியை. சனிக்கிழமைகளில் புதூர் மாதர் சங்கத்தில் சமையல் வகுப்பு எடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். போன வாரம் முதல் வகுப்பு. பாலும் முட்டையும் சேர்த்து, ஆசிரியர் பயிற்சியில் படித்தபடி கஸ்டர்டு செய்தேன். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் முட்டை வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். சங்கத் தலைவி வீரலட்சுமி அக்கா, இன்னும் ஒரு சனிக்கிழமைதான், அதுவும் சரிப்படாவிட்டால் வகுப்பே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்னதில் தப்பில்லை. பருத்தி எடுக்கும் காலத்தில் அரை நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறவர்கள் அவர்கள்.

திரும்பும் பஸ்ஸில் இந்தக் கண்டக்டரிடம் வாய் தவறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வகுப்புக்கு எடுத்துப்போன பள்ளிக்கூடத்துப் பாத்திரங்களை ஒப்படைத்துவிட்டு நான் வீடு போய்ச் சேருவதற்குள், டீக்கடை வழியாகச் சேதி என் அய்யாவிடம் போயிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அய்யா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஒன்பது மைல் கடந்து எட்டயபுரத்தில் பஸ் நின்றது. மிளகாய் வியாபாரி பாய் ஒருவர் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வாசனை பிடித்தபடி திரும்பி, டின்னில் என்ன, எங்கே போகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். கொழும்பில் கடை வைத்திருந்தவராம்.

"இதப் பால்ல கலக்கிக் குடிக்கத்தான் கண்டிருக்கேன். பாலுக்கே வழியில்லாத காட்டுக்குக் கொண்டுபோறியே, தாயி."

பாலில்லாமல் செய்யத்தான் போகிறேன் என்றேன். விளாத்திகுளத்தில் எட்டேகால் மணிக்கு இறங்கியதும், தன் சாக்கிலிருந்து குண்டு மிளகாயை இரண்டு கை அள்ளி, காகிதத்தில் பொதிந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. "உன் சரக்கு அங்கன ஓடலேன்னாலும் இது ஓடும்" என்றார். கிண்டல்தான். வாங்கி வைத்துக்கொண்டேன்.

புதூர் பஸ் ஒன்பது மணிக்கு. பன்னிரண்டு மைல்தான், ஆனால் முந்தின நாள் மாசி மாதத்தில் யாரும் நினைக்காத மழை ஒன்று பெய்திருந்தது. நாலாவது மைலில் கரிசல் மண் சக்கரத்தை அப்பிப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் இறங்கி, காய்ந்த பருத்திமார்க் குச்சியால் மண்ணைச் சுரண்டினோம். என் செருப்பு ஒவ்வொன்றும் அரை வீசை கனத்தது. பதினோரு மணி வகுப்புக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால்.

சங்கக் கட்டடத்தில் முப்பது பேர் காத்திருந்தார்கள். வீரலட்சுமி அக்கா வெயிலைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். முதலில் கேக் வேலையைத் தொடங்கினேன். கம்பு மாவும் கோதுமை மாவும் சரிபாதி, கருப்பட்டிப் பாகு, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் ஆப்பச்சோடா. முட்டை இல்லை. கையிலிருந்த குறுணையில் பாதியைக் கலந்து, மணல் பரப்பிய அண்டாவுக்குள் மாவு ஊற்றிய தட்டை இறக்கி, மூடிமேல் தணல் வைத்தேன். வேக முக்கால் மணி நேரமாகும். அதற்குள் மீதிக் கொட்டையை உரிக்க வேண்டும். ஒன்றை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினேன்.

"இத ஒவ்வொண்ணா உரிச்சா பங்குனி பொறந்துரும்" என்றாள் செல்லத்தாய். முன் வரிசையில் குந்தியிருந்தவள், என் வயதுதான் இருக்கும். டின்னை வாங்கித் தரையில் கொட்டி, செம்பின் அடிப்பாகத்தால் நாலு உருட்டு உருட்டினாள். இன்னொருத்தி சொளகை எடுத்துவந்து வாசலில் நின்று புடைத்தாள். தோல் பறந்தது, குறுணை சொளகிலேயே தங்கியது. நான் ஒரு ராத்திரி முழுக்கச் செய்த வேலையைப் போல ஐந்து மடங்கு, வெற்றிலை போடும் நேரத்தில் முடிந்துவிட்டது.

பிறகு செல்லத்தாய் நாலு குறுணையை வாயில் போட்டாள். போட்ட வேகத்தில் வெளியே ஓடித் துப்பினாள்.

"சேது, சேது" என்றார் வீரலட்சுமி அக்கா. அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கசப்பு என்று அர்த்தம். "இனிப்புப் பண்டம்னு சொல்லித்தானம்மா கூட்டியாந்தீய?"

இரண்டு பேர் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். கேக் வேக இன்னும் அரை மணி நேரம். இவர்கள் போய்விட்டால் அதைத் தின்ன ஆளில்லை. என் பையில் மிளகாய்ப் பொட்டலம் இருந்தது நினைவுக்கு வந்தது.

"கசக்கத்தான் செய்யும்" என்றேன். "நீங்க கொழம்புக்கு வெந்தயம் தாளிக்கலையா? சுண்டைக்காய் வத்தல் போடலையா? உக்காருங்க. இதுல கொழம்பு வைக்கேன்."

எழுந்தவர்கள் நின்றார்கள். அப்படி ஒரு குழம்பை நான் அதுவரை வைத்ததில்லை. ஆனால் கொக்கோவில் எண்ணெய்ச் சத்து நிறைய உண்டு என்று படித்திருக்கிறேன். இந்தப் பக்கம் தேங்காய் வாங்குவது நல்ல நாளில்தான். தேங்காயின் வேலையைக் குறுணை செய்யாதா? குண்டு மிளகாய், மல்லி, இரண்டு கைப்பிடி குறுணை, மூன்றையும் வறுத்து அம்மியில் வைத்தேன். செல்லத்தாய் என்னை விலக்கிவிட்டுத் தானே அரைத்தாள். நல்லெண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம், கத்தரிக்காய் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, அரைத்ததைக் கலக்கினேன். கொதிக்கக் கொதிக்கக் குழம்பு கெட்டிப்பட்டு, நனைந்த கரிசலின் நிறத்துக்கு வந்தது. மேலே எண்ணெய் மிதந்தது.

வீரலட்சுமி அக்கா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். இன்னொரு சொட்டு விட்டுக்கொண்டார். பிறகு தன் வீட்டிலிருந்து கம்மஞ்சோற்றுப் பானையைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். முப்பது பேரும் சோற்று உருண்டையில் குழி பறித்துக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம். கசப்பு எங்கே போனது என்று செல்லத்தாய் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

இடையிலேயே தணலைத் தள்ளிவிட்டிருந்த அண்டாவை அதற்குப் பின்தான் திறந்தேன். கேக் நடுவில் சற்றே வெடித்து, நன்றாக உப்பியிருந்தது. கருப்பட்டி இனிப்புக்குள் குறுணை, வறுத்த கடலை போல நறுக்கென்று கடிபட்டது. துப்பியவளே மூன்று துண்டு எடுத்தாள். மிச்சமிருந்த குறுணையைப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாக முந்தியில் முடிந்துகொண்டார்கள். டின் காலி.

நாலு மணி பஸ்ஸுக்கு வீரலட்சுமி அக்கா கூடவே நடந்து வந்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் நின்று, "அடுத்த சனிக்கிழமை பஸ்ஸு சகதியில நின்னா அங்கனயே இரு தாயி. மாட்டு வண்டி அனுப்புதேன்" என்றார்.

விளாத்திகுளத்தில் அதே கண்டக்டர். இம்முறை அவர் கேட்கும்முன், பையில் எடுத்துவைத்திருந்த கேக்கில் ஒரு துண்டை நீட்டினேன். எட்டயபுரம் வரை அதை மென்றுகொண்டே டிக்கெட் கிழித்தார். பிறகு, "இன்னொண்ணு இருக்கா டீச்சர்?" என்றார். குழம்புக் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். வாய் தவறியல்ல.

ஏழு மணிக்குக் கோவில்பட்டி. கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சும் வாசனை தெருவில் நின்றது. அதற்குக் கொஞ்சமும் குறையாத வாசனை என் காலி டின்னிலும் இருந்தது. கண்டக்டர் நேரே டீக்கடைப் பக்கம் நடந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய், பாத்திரங்களை இரண்டு தடவை தேய்த்துக் கழுவி, துடைத்து, அடுக்கிவைத்தேன். அவசரமே இல்லை. சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போகட்டும்.